ரஃபியா எழுதிய மேல்முறையீடு

ரியல் எஸ்டேட்காரர்கள் என்றாலே எனக்கு ஆகாது. ஆனால் இருபத்திரண்டு வருஷமாகத் திண்டுக்கல்லில், கோர்ட்டுக்கு எதிர்ச்சந்து மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் போடுகிற சோற்றைத்தான் தின்கிறேன். மனைப்பிரிவுக்கு அனுமதி இல்லை என்று அரசு அலுவலகம் எழுதிவிட்டால், அதை எதிர்த்து மேல்முறையீடு போட்டுக்கொடுப்பது என் பிழைப்பு. வருகிறவர்களுக்கெல்லாம் வெள்ளைச் சட்டை, கையில் ரெண்டு போன், "சின்ன விஷயந்தான் மேடம், முடிச்சுக் குடுத்துருங்க" என்கிற ஒரே பேச்சு. சின்ன விஷயமாக இருந்தால் இந்த வக்கீல் அமலராணியின் மாடிப்படியை எதற்கு ஏறுகிறாய் என்று முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறேன். கோர்ட்டு வட்டாரத்தில் எனக்கு வாய் அதிகம் என்று பெயர். அந்த வாயால்தான் ரஃபியாவைக் கெடுத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரஃபியாவுக்கு நாற்பத்தாறு வயது. பேகம்பூரில் பிறந்து, நாலு தெரு தள்ளி அதே பேகம்பூரில் வாழ்க்கைப்பட்டவள். பத்தாவது வரை படிப்பு. கணவர் வாஜித் தோல் தரகர். தோல் வியாபாரம் படுத்ததும் கூட இருந்தவர்கள் சாப்பாட்டுக் கடை, செருப்புக் கடை என்று ஒதுங்க, இவர் நிலத்தில் இறங்கினார். சாணார்பட்டி ரோட்டில் நாலு ஏக்கர். பொண்டாட்டி பெயரில் வாங்கினால் பரக்கத்து, செல்வம் பெருகும் என்று பத்திரம் முழுக்க ரஃபியா பெயரில். முகப்பில் வளைவு கட்டி, "ரஃபியா கார்டன்" என்று எழுதி, அனுமதி வருவதற்கு முன்னாலேயே அதற்கு விளக்கும் போட்டுவிட்டார். இந்த ஆட்களுக்கே உரிய அவசரம் அது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இடம் பார்க்க வேன் நிறைய ஆட்களைக் கூட்டிப்போவார். அவர்களுக்கு நெய்ச்சோறும் தால்ச்சாவும் ரஃபியா வீட்டில் ஆக்கி அண்டாவில் அனுப்புவாள். வந்தவர்கள் மனையை விட்டுவிட்டுத் தால்ச்சாவை விசாரித்தார்களாம். அவள் அந்த நிலத்தைக் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். ஆனால் காகிதத்தில் அவள்தான் புரமோட்டர். விண்ணப்பம், வரைபடம், உறுதிமொழி எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து.

"அவரு விரல வைக்கிற இடத்துல போடுவேன் மேடம். என்னா ஏதுன்னு வாசிச்சதில்ல" என்று என்னிடம் சொன்னாள். அந்தக் கையெழுத்தே தனி. முழுப்பெயரும் தமிழில், ஒவ்வொரு எழுத்தும் உருண்டையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுகிற மாதிரி தனித்தனியாக நிற்கும். கடைசியில் மறக்காமல் ஒரு புள்ளி.

நிலம் வாங்குவதற்கு வாஜித் வங்கியில் வைத்தது குடியிருக்கிற வீட்டின் பத்திரத்தை. ரஃபியா, மாமியார், கொழுந்தன் குடும்பம் எல்லோரும் இருக்கிற ஒரே வீடு அது. அனுமதி வந்தால் மனைகள் விற்கும், பத்திரம் திரும்பும். வராவிட்டால் வீடு போய்விடும். மூன்றாவதாக ஒரு வழியை அந்த மனிதர் யோசித்து வைக்கவில்லை. போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், தண்ணீர் கேட்டார். அவள் செம்போடு வருவதற்குள் சாய்ந்துவிட்டார்.

கணவன் மவுத்தாகிவிட்டால் அவர்கள் வீட்டுப் பெண்கள் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். வெளியார் கண்ணில் படமாட்டார்கள், நல்ல துணி உடுத்தமாட்டார்கள், வாசலைத் தாண்டமாட்டார்கள். ரஃபியா இத்தாவில் உட்கார்ந்த இருபதாம் நாள், அவள் பெயருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது.

அந்தத் தபாலோடுதான் என்னிடம் வந்தார்கள். இத்தா முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. கறுப்பு புர்காவில் ரஃபியா நடுவில். ஒரு பக்கம் மாமியார், தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு. மறுபக்கம் வாஜித்தின் தம்பி இஷாக். பஸ் ஸ்டாண்டு பக்கம் பூட்டுக் கடை வைத்திருக்கிறவர், அதிர்ந்து பேசாத மனிதர்.

உத்தரவைப் படித்தேன். கிராம வரைபடத்தில் நிலத்தின் குறுக்கே ஒரு வாய்க்கால் போகிறது, ஆகவே மனைப்பிரிவு அனுமதி நிராகரிக்கப்படுகிறது. கடைசிப் பத்தியில், இரண்டு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்துகொள்ளலாம்.

"எப்ப வந்துச்சு இது?"

"அண்ணன் மவுத்தாகி இருபதாம் நாளு மேடம்" என்றார் இஷாக். "தபால்காரரு வாசல்ல நின்னாரு. மதினி உள்ள இருந்தபடியே கையெழுத்துப் போட்டு வாங்குனாங்க."

விரல்விட்டு எண்ணினேன். நூற்றுப் பதினைந்து நாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ரெண்டு மாசம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. இம்புட்டு நாளு இதை வச்சு என்ன பண்ணீங்க, அடைகாத்தீங்களா?" என்று கத்தினேன். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவளிடம் பேசுகிற பேச்சா அது? பேசிவிட்டேன்.

ரஃபியா தலையைக் குனிந்துகொண்டாள். இஷாக்தான் சொன்னார். "இத்தாவுல இருந்தாங்க மேடம். எங்களுக்கும் அண்ணன் போன துக்கத்துல ஒண்ணும் ஓடல. உங்களை விட்டா வேற கதியில்ல."

கெடு தாண்டினாலும் கதவு முழுதாக மூடிவிடாது. தாமதத்துக்குப் போதுமான காரணம் இருந்தால் அதிகாரி மன்னித்து எடுத்துக்கொள்ளலாம். இத்தாவைவிட என்ன காரணம் வேண்டும்? எனக்கு உற்சாகமே வந்துவிட்டது. பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டேன். "இந்த நாலு மாசத்துல வெளிய எங்கயாச்சும் போனியாம்மா? ஆஸ்பத்திரி, பேங்க்கு, சொந்தக்காரங்க வீடு?"

ரஃபியா வாயைத் திறந்தாள். மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல மேடம்" என்று இஷாக் முந்திக்கொண்டார். "மதினி வாசப்படியத் தாண்டல."

"எம் மருமக அப்படியாப்பட்டவ இல்லம்மா" என்றார் மாமியார். மணி உருண்டுகொண்டே இருந்தது.

ரஃபியா வாயை மூடிக்கொண்டாள். நான் எழுதிக்கொண்டேன். விவாகரத்து வழக்கென்று ஒரு பெண் வந்தால், கூட வந்தவர்களை முதலில் கீழே டீக்கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பேன். நில வழக்குத்தானே, இதில் என்ன ரகசியம் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருஷ அனுபவத்தின் லட்சணம் அது.

அடுத்த பத்து நாள் அந்த வாய்க்காலின் பின்னால் அலைந்தேன். நிலத்துக்குப் போய்ப் பார்த்தால் வாய்க்காலும் இல்லை, வரப்பும் இல்லை. வருவாய்த் துறைப் பழைய கட்டுகளில் தூசியைத் தின்று தேடியதில், நாற்பது வருஷத்துக்கு முன்னால் ரோடு போட்டபோதே வாய்க்காலைத் திருப்பிவிட்டதற்கான உத்தரவு கிடைத்தது. வரைபடத்தை மட்டும் யாரும் திருத்தவில்லை. நகலைக் கையில் வாங்கியபோது மாதா கோயிலுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். வழக்கு ஜெயித்த மாதிரிதான். தாமதத்தை மட்டும் தாண்டினால் போதும்.

தாமத மனுவோடு வைக்கிற சத்தியப் பிரமாணத்தை நானே உட்கார்ந்து எழுதினேன். ஐந்தாவது பத்தி எனக்கே பிடித்துப்போனது. 'மேற்படி இத்தா காலம் முழுவதும் நான் என் வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை. எந்த அலுவலகத்தையும் எந்த நபரையும் என்னால் அணுக இயலவில்லை.' வாசிக்கிற அதிகாரிக்குக் கண்ணீர் வர வேண்டும் என்று எழுதியது.

கையெழுத்துப் போட ரஃபியாவும் இஷாக்கும் வந்தார்கள். வழக்கம்போல் நான் விரலை வைத்துக் காட்டினேன். அன்றைக்கு என்ன தோன்றியதோ, அவள் உடனே போடவில்லை. தாளை இழுத்துவைத்து வரி வரியாகப் படித்தாள். ஐந்தாவது பத்தியில் நின்றாள்.

"இந்த வரி வேணுமா மேடம்?"

"அதுதான்மா உயிரே. ஏன்?"

"இல்ல... சும்மா கேட்டேன்."

இஷாக் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வேணாம்னா எடுத்துருங்களேன் மேடம். இத்தாவுல இருந்தாங்கன்னு மட்டும் போட்டாப் பத்தாதா?"

"வக்கீலு நீங்களா, நானா?" என்றேன். "பூட்டு எப்படிச் செய்யணும்னு நான் உங்களுக்குச் சொல்லித் தாரேனா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரஃபியா கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, உருண்டையாக. புள்ளி வைக்கும்போது பேனா தாளைக் குத்திக் கிழித்துவிட்டது. "வீட்டுப் பத்திரத்த வைக்க பீரோவுல இடம் ஒதுக்கி வையி" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தேன். அவள் நிஜமாகவே ஒதுக்கி வைத்தாள் என்று பின்னால் தெரிந்தது. வாஜித்தின் சட்டைகள் இருந்த தட்டைக் காலி செய்திருக்கிறாள்.

விசாரணை சென்னையில். அதற்குள் வங்கியிலிருந்து ஏல நோட்டீஸும் வந்துவிட்டது. ரஃபியா நேரில் வர வேண்டிய கட்டாயம் இல்லை. நான்தான் வரச் சொன்னேன். இப்படி ஒரு பெண் எதிரே உட்கார்ந்திருந்தால் எந்த அதிகாரிக்கும் மனசு இளகும் என்று ஒரு கணக்கு. முந்தின நாள் வைகை எக்ஸ்பிரஸில் போய், இஷாக்கின் உறவுக்காரர் வீட்டில் தங்கி, காலை பதினோரு மணிக்கு அந்த அலுவலகத்தில் இருந்தோம்.

அதிகாரி நல்ல மனிதர். அதைச் சொல்லாவிட்டால் எனக்கு நாக்கு அழுகிவிடும். வாய்க்காலைத் திருப்பிய உத்தரவை ரெண்டு தடவை படித்தார். "இதுல உங்க பக்கம் நியாயம் இருக்கும்மா. இது கீழே திண்டுக்கல் ஆபீஸ்ல இருக்கறவங்க கவனத்துக்கே வரலை போல" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ரஃபியா துப்பட்டாவுக்குள் உதட்டை அசைத்து ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள்.

"தாமதத்தை மட்டும் பார்த்துடுவோம்" என்று திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த கோப்பைப் புரட்டினார். ஒரு தாளில் கை நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு எழுத்து தலைகீழாகத்தான் தெரிந்தது. ஆனாலும் அடையாளம் கண்டுகொண்டேன். உருண்டை உருண்டையாக, தனித்தனியாக.

தாளை அவள் பக்கம் திருப்பினார். "இது நீங்க எழுதினதாம்மா?"

மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுத்த மனு. மேலே முத்திரை, தேதி, வரிசை எண். அங்கிருந்து மனைப்பிரிவு அனுமதி தருகிற திட்ட அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு, கோப்பில் சேர்ந்து, அப்படியே கிடந்திருக்கிறது. தலைப்பை ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தாள்: மேல்முறையீட்டு மனு.

ரஃபியா அந்தத் தாளைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த இஷாக்கைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடு தாயே என்று மனசுக்குள் கெஞ்சினேன். பொய் சாட்சி சொல்லச்சொல்லி நான் வேண்டிக்கொண்டது என் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

"ஆமாய்யா. நாந்தான் எழுதுனேன்."

"எப்போ?"

"இத்தாவுல இருக்கையில." கேட்காமலேயே மேலே சொன்னாள். "ரெண்டு மாசத்துக்குள்ள மேல்முறையீடு செய்யலாம்னு அதுல போட்டிருந்துச்சு. யாருகிட்டக் குடுக்கணும்னு வெளங்கல. எங்க தெருவுல பட்டா வரலன்னாலும் பென்ஷன் நின்னுட்டாலும் திங்கக்கிழம கலெக்டராபீசுக்குத்தான் போவாக. நாளு போயிக்கிட்டே இருக்கு, வீடு போயிருமேன்னு நானே உக்காந்து எழுதுனேன். காலையில மாமி ஓத உக்காந்ததும் பின்வாசல் வழியா போயி, ஒரு ஆட்டோவப் புடிச்சு, வரிசையில நின்னு குடுத்துட்டு ஒரு மணிக்குத் திரும்பிட்டேன். லுஹர் தொழுகைக்கு முன்னாடியே மாமி பின்கதவத் தாழ் போட்டுருவாங்க. அன்னைக்குப் போடல. அல்லா காப்பாத்திட்டான்னு உள்ள வந்துட்டேன்." மூச்சு வாங்கினாள். "யாருகிட்டயும் சொல்லலய்யா. மையத்து எடுத்த வீட்டுல இத்தாவ முறிச்சுட்டுப் போனவன்னு பேரு வந்துரும்னு..."

முத்திரையில் இருந்த தேதியைப் பார்த்தேன். உத்தரவு வந்த நாற்பத்தோராம் நாள். கெடுவுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கும்போதே, சட்டம் படிக்காத அந்தப் பெண் தன் கையால் மேல்முறையீடு எழுதி, கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். கொடுத்த இடம்தான் தப்பு. இடம் தெரியாமல் நல்ல மனசோடு வேறு அலுவலகத்தில் கொடுத்த நாட்களைத் தாமதத்தில் கழிக்கச் சொல்லிக் கேட்பதற்கு எத்தனை தீர்ப்பு இருக்கிறது! துள்ளி எழுந்தேன். அத்தனையும் சொன்னேன். நான் அவ்வளவு நன்றாக வாதாடியதே கிடையாது.

அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு என் ஐந்தாவது பத்தியை வாய்விட்டுப் படித்தார். வாசற்படியைத் தாண்டவில்லை. எந்த அலுவலகத்தையும் அணுக இயலவில்லை. நான் ஆசை ஆசையாக எழுதிய வரி.

"இந்த மனுவை நீங்களே கொண்டுவந்து காட்டியிருந்தா, பாவம், வழி தெரியாம கொடுத்துட்டாங்கன்னு ஏத்துக்கிட்டிருப்பேன்மா" என்றார். "சத்தியம் பண்ணி இப்படி எழுதிக் கொடுத்துட்டு, இப்போ வேற சொன்னா நான் எதை நம்புறது? நாளைக்கு என்னை எவனாவது கேட்டா என்ன சொல்றது?"

"தப்பு என்னுதுங்க சார். அவங்க அந்த வரி வேணுமான்னு கேட்டாங்க. நாந்தான் போடச் சொன்னேன்."

"அவங்க ஏன் கேட்டாங்கன்னு நீங்க கேக்கலையா?"

கேட்கவில்லை. 'வக்கீலு நீங்களா, நானா' என்றுதான் கேட்டிருந்தேன். தாமத மனு தள்ளுபடி. அதோடு மேல்முறையீடும் போயிற்று. வாய்க்காலைப் பற்றிப் பேசவே வேண்டியிருக்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு மர பெஞ்சு. ரஃபியா உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்றேன். "மதுரை ஹைகோர்ட்டுல ரிட் போடலாம்" என்றேன்.

"ஏலத் தேதி என்னைக்கு மேடம்?"

"அடுத்த மாசம் பதினொண்ணு."

"அதுக்குள்ள முடிஞ்சுருமா?"

"முடியாது" என்றேன். அந்த வழக்கில் அவளிடம் நான் யோசித்துச் சொன்ன ஒரே பதில் அதுதான்.

அவள் அழவில்லை. இஷாக்கைப் பார்த்துக் கைகூப்பாத குறையாகச் சொன்னாள். "என்னைய மன்னிச்சுருங்க தம்பி. அண்ணன் மொகத்துல கரியப் பூசிட்டேன். மாமிகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க சொல்லிறாதீங்க."

இஷாக் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குத் தெரியும் மதினி."

"என்ன தெரியும்?"

"நீங்க போனது. நீங்க ஏறுன ஆட்டோக்காரரு என் கடை வாசல்ல நிக்கிறவரு. அன்னைக்குச் சாயங்காலமே வந்து சொல்லிட்டாரு. வெளிய மூச்சு விடாதீங்கன்னு அவருகிட்ட கேட்டுக்கிட்டேன்." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "அம்மாவுக்கும் தெரியும். நீங்க பின்வாசல்ல எறங்குனத ஓதிக்கிட்டே பாத்திருக்காங்க. நீங்க திரும்பி வரணுமேன்னு அவங்கதான் தாழ் போடாம வச்சிருந்தாங்க. 'புள்ள என்னமோ மனசு தாங்காமப் போயிருக்கா, அத யாரும் அவகிட்டக் கேக்கப்படாது'ன்னு எங்கிட்டச் சொன்னாங்க. மேடம் கேட்டப்ப அதான் நான் முந்திக்கிட்டேன். உங்கள ஒரு சொல்லு யாரும் சொல்லிறக் கூடாதுன்னு."

"அடப்பாவிகளா!" என்று கத்திவிட்டேன். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. மூன்று பேர் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, மூன்று பேருக்கும் தெரிந்த ஒரே விஷயத்தை, ஒருத்தர் மேல் ஒருத்தர் வைத்த பிரியத்தால் மறைத்திருக்கிறார்கள். நான் அதை எழுதி, முத்திரை வைத்து, சென்னைவரை தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ரஃபியா நிமிர்ந்து இஷாக்கைப் பார்த்தாள்.

"அப்ப நான் யாருக்குத்தான் பயந்தேன் தம்பி?"

இஷாக் வைகைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, அவள் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.